சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் அழுத நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார். சர்வீஸ் பையை ஒப்படைத்து, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நம் வார்த்தைக்கு மதிப்பு வருகிறது. வேலையில் இருந்தபோது நான் வாய் திறந்தால், மேடம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு என்று கிளப்பி விடுவதிலேயே குறியாக இருந்த ஆள் அவர்.

மெமரியை எப்படிக் கழற்றுவது, பீப் சத்தத்தை எப்படி எண்ணுவது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செல்போனில் தட்டினால் எவனோ ஒருவன் ஆறு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கிறான். அவன் சொல்லிக் கொடுக்காத ஒன்றை எழுதுகிறேன். இருபத்தோரு வருட சர்வீஸில் நான் பட்ட பெரிய அவமானம் அது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிதம்பரத்தில் ஒரு தெருவே சிரித்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டும் முடிந்த மறுநாள். நான் கடலூர் ஆபீஸுக்குள் நுழைந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சிதம்பரத்திலிருந்து போன். பல்கலைக்கழகம் போகும் சாலைப் பக்கம் கலியமூர்த்தி என்பவர் ஒரு டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கம்ப்யூட்டரை அவர் பார்த்துக்கொள்வார், ஜெராக்ஸை அவர் மனைவி அஞ்சலை பார்த்துக்கொள்வார். அந்தக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து திரையில் ஒன்றும் காட்டாமல் பீப் பீப் என்று கத்துகிறதாம். உடனே வரச் சொன்னார்.

கலியமூர்த்திக்கும் எனக்கும் பழைய பழக்கம். முதல்முறை நான் பையோடு போய் நின்றபோது, "இஞ்சினியரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்டவர். வந்துட்டாரு, நாற்காலி போடுங்கள் என்றேன். அன்றிலிருந்து என்மீது ஒரு பயம் கலந்த மரியாதை. அந்த மரியாதையை நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அனுபவித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை போகும்போதும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் எடுப்பேன். இது இன்னது, அது இன்னது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கோயிலில் கதை கேட்பவர் மாதிரி கை கட்டிக் கேட்பார். இந்தப் பாடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடையில் கலியமூர்த்தி, அஞ்சலை தவிர ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெயர் பழனிவேல். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்புக் குடும்பம். ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்தவர். முந்திரி பொறுக்கும் பெண்கள் போடும் விடுகதைகள்தான் அவர் ஆராய்ச்சி. ஆறு வருடம் தோப்பு தோப்பாக அலைந்து சேர்த்திருந்தார். காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் அன்றைக்கு மாலை ஐந்து மணியோடு முடிகிறது. ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வேட்டை வைக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் அடுத்த வருடம் வேலைக்கு வர வேண்டாம் என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்களாம்.

முதல் மூன்று அத்தியாயங்கள் அச்சாகி பைண்டிங் கடையில் இருந்தன. கடைசி அத்தியாயமும், விடுகதைகளின் பட்டியல் அடங்கிய பின்னிணைப்பும் இந்தக் கத்துகிற கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அடித்த நகல் வேறு எங்கும் இல்லை, மறுபடி அடிக்க நேரமும் இல்லை. ஒரு சிடியில் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று கலியமூர்த்தியைக் கேட்டேன். அவர் மேலே பார்த்தார். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் பிள்ளையார், முருகன், நடராஜர், ஆஞ்சநேயர் என்று வரிசையாகப் படங்கள். அவர் பேக்கப் அதுதான்.

பழனிவேல் கொஞ்சமும் பதறவில்லை. பதறாத ஆளைப் பார்த்தால் எனக்குப் பயம் அதிகமாகும். என்னை உட்காரச் சொல்லி, ஒரு விடுகதை போட்டார்.

"புள்ள வெளிய தொங்குது, தாயி செவந்து நிக்கிறா. அது என்னா மேடம்?"

தெரியவில்லை என்றேன். முந்திரிப் பழம் என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

பவர் போட்டால் விசிறி சுற்றியது. நீளமான பீப், திரும்பத் திரும்ப. மெமரிதான், வேறென்ன. கலியமூர்த்தியைப் பார்த்து நம் தொழிலின் முதல் கேள்வியைக் கேட்டேன். நேற்று என்ன செய்தீர்கள்?

"நேத்து ஒண்ணும் பண்ணல மேடம். கடையே தொறக்கல."

பிள்ளைகளே, எல்லாக் கஸ்டமரும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். நாமும் மனதுக்குள் பொய் என்று குறித்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது சத்தியம். என் கேள்விதான் தப்பு. அது எனக்குத் தெரிய மூன்று மணி நேரம் ஆயிற்று.

மெமரிப் பட்டையைக் கழற்றினேன். தங்கப் பல் வரிசையில் மஞ்சளாக மங்கல். என் பையில் எப்போதும் இருக்கும் பள்ளிக்கூட ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. மாட்டினேன், கத்தியது. போர்டில் பட்டை உட்காரும் பக்கத்துப் பள்ளத்தில் மாற்றி மாட்டினேன், கத்தியது. கையில் கொண்டுபோயிருந்த வேறு மெமரியைப் போட்டேன், அதுவும் கத்தியது. நல்ல மெமரியை இரண்டு பள்ளத்தில் போட்டும் கத்தினால் என்ன அர்த்தம்? மதர்போர்டு என்று அர்த்தம். அப்படித்தான் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

கடை முழுக்கச் சந்தன வாசனை. பூஜை முடிந்த கடை, அப்படித்தான் மணக்கும் என்று விட்டுவிட்டேன். நான் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டில் பிறந்தவள். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கித் தின்றதோடு சரி, பூஜையில் யார் எதை எங்கே வைக்கிறார்கள் என்று நின்று பார்த்ததில்லை.

அதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மாட்டினேன். பேட்டரியை எடுத்தேன், வைத்தேன். கம்ப்யூட்டரின் பாகங்கள் மேஜையெல்லாம் பரவிக் கிடந்தன. பழனிவேல் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இன்னும் இரண்டு விடுகதை போட்டார். இரண்டுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. எரிச்சலில் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"போர்டு போச்சுங்க."

நான் தொழிலுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. போச்சு என்ற வார்த்தையைப் பையின் அடியில் வை, மற்றதெல்லாம் எடுத்துத் தீர்ந்த பிறகு அதை எடு என்பார். நான் அதை மேலாகவே வைத்திருந்தேன். அதைச் சொன்னதும்தான் பழனிவேலின் முகம் மாறியது. விடுகதையை நிறுத்திவிட்டார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். ஆறு வருட உழைப்பை ஒரு வார்த்தையில் புதைத்துவிட்டேன்.

அந்தச் சீனியருக்கே போன் செய்தேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்ட்டியா?"

வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் அஞ்சலை வாயைத் திறந்தார். அதுவரை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்.

"மிசினு செத்தா செத்துட்டுப் போவுதுக்கா. அவுரு எழுதுனது எங்க கெடக்குது?"

ஹார்ட் டிஸ்கில் என்றேன்.

"அது இதுக்குள்ள இருந்தாத்தான் பேசுமா? வேற பொட்டில மாட்னா பேசாதா?"

பேசும். நன்றாகவே பேசும். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுவது பத்து நிமிட வேலை. வந்ததும் செய்திருக்க வேண்டிய வேலை. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் கம்ப்யூட்டரை ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டியது கம்ப்யூட்டர் அல்ல, பழனிவேலின் காகிதம் என்பதை மறந்தே போனேன். நீங்கள் ஒரு இடத்துக்குப் போனதும் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கும் முன்னால், இவர்களுக்கு இன்றைக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்க ஸ்குரூ டிரைவர் தேவையில்லை.

சரி, வேறு கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்றேன். அஞ்சலை மோவாயால் எதிர்ப்பக்கம் காட்டினார்.

எதிரில் இன்னொரு டைப்பிங் சென்டர். அதை நடத்தியவர் தனசேகர், அஞ்சலையின் சொந்தத் தம்பி. கலியமூர்த்தியிடம் தொழில் கற்றுக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் நேர் எதிரிலேயே கடை போட்டவர். அன்றிலிருந்து மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு இல்லை. பொங்கலுக்குத் தம்பி அக்காவுக்குக் கொடுத்தனுப்பும் கரும்பைக்கூடக் கலியமூர்த்தி பார்க்காத மாதிரி இருப்பாராம்.

கலியமூர்த்தி முருகன் படத்தைப் பார்த்தார், பழனிவேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், "நான் வர்ல. நீங்க போங்க" என்றார்.

டிஸ்கை என் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு சாலையைக் கடந்தேன். தனசேகர் அடித்துக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையைச் சேமித்துவிட்டு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். மாட்டினோம். டிஸ்க் முதல் தடவையிலேயே பேசியது. எனக்கு அழுகை வந்தது, தும்மல் மாதிரி மறைத்துக்கொண்டேன்.

அடுத்த தொல்லை. உள்ளே நூற்றுக்கணக்கில் ஃபைல்கள், எதுவும் பெயரைப் பார்த்தால் புரிகிற மாதிரி இல்லை. பிள்ளையார் ஒன்று, பிள்ளையார் இரண்டு, முருகா, முருகா புதுசு, ஓம் சக்தி என்று சுவரில் இருந்த தெய்வமெல்லாம் டிஸ்கிலும் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஐந்து மணி ஆகிவிடும். பழனிவேலுக்கும் தெரியவில்லை. தனசேகர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ச் சாலையைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"மாமா, கடைசி அத்தியாயம் எந்த சாமில இருக்குது?"

எதிர்க் கடை வாசலில் கலியமூர்த்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று வருடம் பேசாத வாய். ஒரு டவுன் பஸ் குறுக்கே போனது, அது போனதும் அவரும் குரல் கொடுத்தார்.

"ஆஞ்சநேயர்ல பாரு மச்சான். பின்னிணைப்பு நடராஜர்ல."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சைக்கிள் கடைக்காரர் சிரித்தார், அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆஞ்சநேயர் திறந்தார். எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்ததை, டிஸ்கிலிருந்தே எழுத்துருவை எடுத்துப் போட்டுச் சரி செய்தேன். தனசேகரின் பிரிண்டர் மெதுவாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. அச்சான பக்கங்களை அஞ்சலை தன் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரதிகளுக்கு ஜெராக்ஸ் போட வேண்டும். அந்தச் சின்னச் சாலையை அன்றைக்கு அவர் எத்தனை தடவை கடந்தார் என்று கணக்கே இல்லை.

எனக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை. கலியமூர்த்தி கடைக்குத் திரும்பி, கழற்றிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அஞ்சலை ஒரு தட்டில் பூஜைப் பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டுக் கொடுத்து, சாப்பிடுங்கக்கா என்றார். அப்போதுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று உறைத்தது. இரண்டு பிடி பொரி உள்ளே போனதும் மனுஷி ஆனேன். பொரி நன்றாக இருக்கிறது, பூஜை பெரிதாகச் செய்தீர்களா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

கலியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. முந்தாநாள் சாயங்காலம் கடையைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்தார். பூசணிக்காய் உடைத்தது, ஜெராக்ஸுக்கு மாலை போட்டது, ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைத்தது. அப்புறம் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தது.

நான் பொரியைக் கீழே வைத்தேன். மூடியை ஏன் திறந்தீர்கள்?

"நீங்கதான மேடம் போன தடவ கழட்டிக் காட்னீங்க? இருக்கறதுலயே இந்தப் பட்டைதான் முக்கியம், இத சுத்தமா வெச்சிக்கினா மிசினு ஓடும்னு சொன்னீங்க. முக்கியமானத வுட்டுட்டு டப்பாக்கு மட்டும் பொட்டு வெச்சா சாமி ஒத்துக்குமா?"

மெமரியைக் கழற்றியிருக்கிறார். துணியால் துடைத்திருக்கிறார். அதில் தங்கமாக மின்னுகிற ஓரம்தான் லட்சணமாக இருந்ததாம், அந்த ஓரம் முழுவதும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பூசியிருக்கிறார். திரும்பி ஒரு பள்ளத்தில் வைத்து அழுத்தியபோது சரியாக உட்காரவில்லை, எடுத்து அடுத்ததில் அழுத்தியிருக்கிறார். இரண்டு பள்ளத்திலும் சந்தனம். மறுநாள் முழுக்கக் காய்ந்திருக்கிறது. அந்தப் போர்டில் மெமரிப் பள்ளம் மஞ்சள் நிறம். மஞ்சளுக்குள் சந்தனம் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. ரப்பரில் ஒட்டியதையும் வழக்கமான அழுக்கு என்றே நினைத்தேன்.

அவர் எதையும் மறைக்கவில்லை. பூஜை செய்வதைக் கம்ப்யூட்டரை நோண்டியதாக யார் கணக்கில் எடுப்பார்கள்? நான் நேற்றைப் பற்றிக் கேட்டேன், அவர் நேற்றைப் பற்றிச் சொன்னார். அதனால் ஒன்று சொல்கிறேன். கஸ்டமரிடம் குற்றத்தை விசாரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள். கடைசியாக ஓடிய நேரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். அவர் கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். வாய் நிறையப் பொரி இருந்தால் குறுக்கே பேச முடியாது, அது இன்னும் நல்லது. எங்கள் சீனியர் அதைத்தான் சொன்னாரா, உண்மையிலேயே நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் உண்டு, அது எனக்கு மட்டுமான பாடம். அவர் செய்தது நான் நடத்திய பாடத்தின் விளைவு. கழற்றக் காட்டினேன், சுத்தம் செய்யக் காட்டினேன். எதைப் பூசக் கூடாது என்று சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு இஞ்சினியர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவள் நான்.

மெல்லிய பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பள்ளத்தையும் கழுவினேன். ப்ளோயர் வைத்துக் காய வைத்தேன். மெமரியைப் போட்டு, அந்தோணியாரை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, பவர் போட்டேன். ஒரே ஒரு சின்னப் பீப். திரையில் எழுத்து வந்தது. ஹார்ட் டிஸ்க் எங்கே என்று திட்டுகிற எழுத்துதான். அவ்வளவு இனிமையாக என்னை யாரும் திட்டியதில்லை.

ஜெராக்ஸ் எடுக்கப் பக்கங்களோடு வந்த பழனிவேல் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சி, இதென்ன நெடி என்றார். ஸ்பிரிட், சாராயத்தின் தம்பி மாதிரி என்றேன். நடந்ததையும் சொன்னேன். கையில் இருந்த காகிதத்தை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு திடீரென்று எழுந்து எதிர்க் கடைக்கு ஓடினார். நடராஜர் இன்னும் அச்சாகவில்லையே, அச்சாகவில்லையே என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

பைண்டிங் கடையிலிருந்து ஆய்வேடு பசை காய்ந்தும் காயாமலும் வெளியே வந்தபோது மணி நாலேகால். தனசேகரின் மொபெட்டில் பழனிவேல் பின்னால் உட்கார்ந்து மடியில் ஆய்வேடுகளை அணைத்துக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். ஐந்தேகாலுக்கு மொபெட் திரும்பி வந்தது. பழனிவேல் மடியில் ஒன்றும் இல்லை. கலியமூர்த்தி மச்சானிடம், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். என் சர்வீஸ் ரிப்போர்ட்டில் பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில் அந்நியப் பொருள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இத்தனை வருடம் கழித்து ஆபீஸுக்கு இப்போதுதான் உண்மையைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் பழனிவேல் பட்டம் வாங்கினார், வேலையும் நிலைத்தது. ஒரு நாள் கடலூர் ஆபீஸுக்கே வந்து, முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்றையும் கொடுத்தார். பட்டியலில், அன்றைக்கு ஓடிப்போய்ச் சேர்த்த கடைசி விடுகதை இது:

சந்தனம் பூசினா அழுவும், சாராயம் பூசினா சிரிக்கும். அது என்ன?

விடை, கம்ப்யூட்டர். தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயர், சகாயமேரி, கடலூர், தொழில் கணினி பழுது பார்ப்பவர் என்று இருந்தது. ஆராய்ச்சிப் புத்தகத்தில் என் பெயரா என்று நெஞ்சு விம்மியது. ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களில் ஒருத்திதான், கீழே பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறதே மேடம் என்று சத்தமாகப் படித்தாள்.

"இவ்விடுகதைக்கு விடை காணத் தகவலாளர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்."